கிறிஸ்துமஸ் தாத்தா: நாமே சொல்வதா, அவர்களே கண்டுபிடிக்கட்டுமா?

தாத்தாவின் வண்டி எங்கே வருகிறது என்று 1955 முதல் ராணுவமே அறிவிக்கும் நாடு அமெரிக்கா. தாத்தா நிஜமில்லை, பரிசு வைப்பது அப்பா அம்மாதான் என்பதை நாமே பிள்ளையிடம் சொல்வதா, பிள்ளையே கண்டுபிடிக்கட்டும் என்று விடுவதா? அங்கே பெற்றோருக்கு இந்தக் குழப்பம் வராமல் இருக்குமா?

தானாகக் கண்டுபிடிக்க விடுவதில் சுவாரசியம் அதிகம். பரிசுப் பொட்டலத்தில் இருப்பது அம்மாவின் கையெழுத்து மாதிரியே இருக்கிறதே என்று பிள்ளை உற்றுப் பார்க்கும். புகைபோக்கியே இல்லாத வீட்டுக்குள் தாத்தா எப்படி நுழைந்தார் என்று குடையும். மூளைக்கு நல்ல வேலை. ஆண்டர்சன், பிரென்டிஸ் என்ற ஆய்வாளர்கள் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலான பிள்ளைகள் ஏழு வயது வாக்கில் தாங்களாகவே கண்டுபிடித்திருந்தார்கள். பிள்ளைகள் அதைச் சுலபமாகவே எடுத்துக்கொண்டார்கள், வருத்தமெல்லாம் பெற்றோருக்குத்தான்! ஒரே சங்கடம், வகுப்பில் எவனாவது "இன்னுமா நம்பறே?" என்று சிரித்துவிடுவது.

நாமே உட்காரவைத்துச் சொன்னால் அந்தக் கேலி இருக்காது. "இனி தங்கச்சிக்கு நீதான் தாத்தா" என்று பொறுப்பையும் கொடுத்துவிடலாம். ஆனால், கேட்காத பிள்ளையிடம் வலியப் போய்ச் சொல்வானேன்? விழுந்த பல்லுக்குக் காசு வைக்கும் பல் தேவதை, ஈஸ்டருக்கு முட்டை கொண்டுவரும் முயல் எல்லாம் அன்றைக்கே காலியாகிவிடும்.

என் ஓட்டு தானாகக் கண்டுபிடிக்க விடுவதற்குத்தான். சும்மா சந்தேகப்பட்டால், "நீ என்ன நினைக்கிறே?" என்று திருப்பிக் கேட்கலாம். "நிஜமாச் சொல்லும்மா, நீதானே?" என்று நேராகவே கேட்டால் மட்டும் மழுப்பக் கூடாது.