ஓபிடி போட்டுத் தருகிறோம் என்று 3,200 டாலர் கேட்டால் கொடுக்காதீர்கள்

கோபத்தில் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 3,200 டாலர் போச்சு. அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படித்து முடித்து, ஓபிடி (படித்த துறையில் தற்காலிகமாக வேலை பார்க்கும் அனுமதி) எடுக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் யாருக்கு வேண்டுமானாலும் பணம் அனுப்புங்கள்.

ஏமாற்றியவர்கள் பெயர் போடவில்லை. மாணவர் வாட்ஸ்அப் குழுக்களில் "ஓபிடி ஃபைலிங் பிளஸ் வேலை கேரண்டி" என்று விளம்பரம் போடுகிற கன்சல்டன்சி வகை. போனில் பேசியவர் தமிழர். பேச்சு கோயம்புத்தூர்ப் பக்கம்.

நம்ப வைத்தது ஒரே ஒரு இடம்தான். வீடியோ காலில் வேலை அனுமதி கேட்கும் ஐ-765 படிவத்தைத் திறந்து, அதில் எந்தப் பிரிவு எழுத வேண்டும் என்று காட்டினார். "சி3ஏ இல்ல தம்பி, அது படிக்கும்போதே எடுக்கிற ஓபிடி. படிப்பு முடிஞ்சப்புறம் எடுக்கறதுக்கு சி3பி. இதை மாத்திப் போட்டுத்தான் பாதிப் பேர் மாட்டிக்கிறாங்க" என்றார். சொன்னது சரி. விஷயம் தெரிந்தவர் என்று தோன்றிவிட்டது. விஷயம் தெரிந்தவன் ஏமாற்ற மாட்டான் என்று யார் சொன்னது?

கணக்கு இப்படிச் சொன்னார்: அரசாங்கக் கட்டணம் 470, பிரீமியம் பிராசஸிங் (சீக்கிரம் முடிவு சொல்ல வாங்கும் கூடுதல் கட்டணம்) 1,685, அவர்கள் கூலி 1,045. மொத்தம் 3,200. முதல் இரண்டும் அப்போதைய அசல் கட்டணமே என்பதால் சந்தேகமே வரவில்லை. போன் நம்பருக்கு உடனே போய்ச் சேருகிற பரிமாற்றத்தில் வாங்கிக்கொண்டார். யூஎஸ்சிஐஎஸ் (விண்ணப்பத்தைப் பார்த்து முடிவு சொல்கிற அமெரிக்கக் குடிவரவு அலுவலகம்) கணக்கை அவர்கள் மெயிலிலேயே திறந்தார்கள். "பாஸ்வேர்ட் தொல்லை உங்களுக்கு எதுக்கு தம்பி?"

இனி முக்கியமான இடம். என் படிப்பு முடியும் தேதி 2025 மே 16. அதற்கு 90 நாள் முன்பிருந்து 60 நாள் பின்பு வரை, அதாவது ஜூலை 15 வரை விண்ணப்பிக்கலாம். எல்லோருக்கும் தெரிந்தது இதுதான். இதற்குள் இன்னொரு கெடு ஒளிந்திருக்கிறது: கல்லூரியின் டிஎஸ்ஓ (வெளிநாட்டு மாணவர் விஷயங்களைப் பார்க்கும் அதிகாரி) செவிஸ் என்ற அரசு மாணவர் பதிவேட்டில் ஓபிடி பரிந்துரையை ஏற்றிய நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பம் யூஎஸ்சிஐஎஸ்ஸுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பரிந்துரை ஏறியது ஏப்ரல் 14. கெடு மே 14. தாண்டினால் மறுப்புதான், கட்டிய பணமும் திரும்பாது.

ஏப்ரல் கடைசியில் கேட்டால் "போட்டாச்சு தம்பி, ரசீது வரும்." மே முதல் வாரம் "போர்ட்டல் ஸ்லோ." பிறகு "வக்கீல் லீவு", "லாங் வீக்கெண்ட்". அப்புறம் நீல டிக் மட்டும் விழுந்தது. டிஎஸ்ஓவிடம் எழுத்தில் புகார் கொடுக்கப்போவதாகச் சொன்ன பிறகுதான், ஜூன் 10-ம் தேதி ரசீதின் படம் வந்தது. பெற்ற தேதி என்ற கட்டத்தில் மே 21. முப்பத்தேழாவது நாள். கடிதமும் வேலை அனுமதிக் கார்டும் போகும் முகவரியாக அவர்கள் ஆபீஸ். பிரீமியத்துக்கு ஐ-907 என்று தனிப் படிவம், தனி ரசீது எண் உண்டு. அப்படி ஒன்று இல்லவே இல்லை. 1,685 டாலர் கட்டப்படவே இல்லை, அவர் பையில் இருக்கிறது.

3,200-ஐத் திருப்பிக் கேட்டதற்கு வந்த பதில்: "ஃபைல் பண்ணியாச்சுல்ல தம்பி? சர்வீஸ் முடிஞ்சது." கூடவே ஒரு சலுகை வேறு. இன்னும் 500 கொடுத்தால் ஒரு கம்பெனி பெயரில் ஆஃபர் லெட்டர் தருவார்களாம், ஓபிடியில் வேலையில்லாமல் இருக்க விடுகிற 90 நாள் கணக்கு ஓடாமல் நிறுத்திவிடலாமாம். வேலையே செய்யாத கம்பெனியை அரசுப் போர்ட்டலில் வேலை என்று காட்டுவது மோசடி. நாளைக்கு ஹெச்-1பி வேலை விசா எடுக்கும் சமயத்தில் தோண்டினால் மாட்டுவது மாணவன், அவர் இல்லை.

வங்கியில் கேட்டேன். நீங்களே அனுப்பியது, ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். கார்டில் கட்டியிருந்தால் டிஸ்ப்யூட்டாவது போட்டிருக்கலாம்.

விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. சுருக்கமாக: யூஎஸ்சிஐஎஸ் கணக்கை உங்கள் மெயிலில் நீங்களே திறங்கள். ஐ-20 (கல்லூரி தரும் மாணவர் சான்று), பாஸ்போர்ட், ஐ-94 (அமெரிக்காவுக்குள் வந்த பதிவு), 2 அங்குலச் சதுரப் புகைப்படம், இவ்வளவுதான், ஒரு மணி நேர வேலை. ஐ-20-இல் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏற்றுங்கள். பரிந்துரை ஏறிய தேதியை எழுதி ஒட்டி வையுங்கள். சிபிடிக்கு (படிக்கும்போதே பாடத்தின் பகுதியாகச் செய்யும் வேலைக்கான அனுமதி) யூஎஸ்சிஐஎஸ் கட்டணமே கிடையாது, டிஎஸ்ஓ ஐ-20-இல் போட்டுத் தருவது. அதற்கு எவனாவது பணம் கேட்டால் போனை வையுங்கள். முழுநேர சிபிடி 12 மாதம் ஆனால் அந்தப் பட்டத்துக்கு ஓபிடியே கிடையாது, இதையும் இவர்கள் சொல்வதில்லை. சேர்ந்த முதல் நாளே சிபிடி கிடைக்கும் என்று ஏதாவது காலேஜை யாராவது காட்டினால் 2019-இல் மிச்சிகனில் ஃபார்மிங்டன் என்ற பெயரில் நடந்ததைத் தேடிப் படியுங்கள். குடிவரவுத் துறையே நடத்திய போலிப் பல்கலைக்கழகம் அது, மாட்டியவர்களில் பெரும்பாலோர் இந்திய மாணவர்கள்.

டிஎஸ்ஓ சொன்னபடி பழையதை வாபஸ் வாங்கி, புதுப் பரிந்துரையோடு ஜூலை 15-க்குள் மறுபடி போட வேண்டும். இன்னொரு 470. அந்த 3,200 கணக்கில் இது சேராது.