ஒய் = எம்எக்ஸ் + சி-ய விட்டுட்டு பொது வடிவத்துக்கு மாறி 3 வருஷம்

போனுக்கு ஒரு கேரம் கேம் எழுதிட்டு இருக்கேன், ஆபீஸ் முடிஞ்சு வந்து ராத்திரில தட்டுறது, அதான் 4 வருஷமா இழுத்துட்டு இருக்கு. ஸ்ட்ரைக்கர் போற வழிய நேர்க்கோட்டுச் சமன்பாடா வெச்சுக்கணும். பத்தாவதுல மனப்பாடம் பண்ண ஒய் = எம்எக்ஸ் + சி தான் முதல்ல கைக்கு வந்துச்சு, முத வருஷம் பூரா அதுலயே ஓட்டினேன். எம்-தான் சாய்வு, பாத்த உடனே தெரிஞ்சுடும், அந்த விஷயத்துல அத அடிச்சுக்க ஆளில்ல (போன் ஸ்கிரீன்ல ஒய் கீழ்நோக்கிதான் கூடும், பாசிட்டிவ் சாய்வுன்னா கோடு கீழ எறங்கும், அது பழகவே ரெண்டு நாளாச்சு).

ஆனா கேரம்ல பாதி அடி நேரா எதிர்லதானே. அப்போ ரெண்டு புள்ளிக்கும் எக்ஸ் ஒண்ணேதான், சாய்வுக்கு பூஜ்யத்தால வகுக்கணும், ஸ்ட்ரைக்கர் அப்படியே காணாமப் போயிடும். எக்ஸ்ல 0.0001 கூட்டி ஒப்பேத்திப் பாத்தேன், எம் லட்சக்கணக்குல எகிறிடுச்சு. வெறுத்துப்போயி பொது வடிவத்துக்கு, அதாவது ஏஎக்ஸ் + பிஒய் + சி = 0-க்கு மாறினேன். ஏ-ங்கிறது ஒய்1 − ஒய்2, பி-ங்கிறது எக்ஸ்2 − எக்ஸ்1, சி-ங்கிறது எக்ஸ்1ஒய்2 − எக்ஸ்2ஒய்1. வகுத்தலே கிடையாது! (2, 3), (2, 9) போட்டா −6எக்ஸ் + 12 = 0, அதாவது எக்ஸ் = 2, சத்தமில்லாம வந்துடுது.

உண்மையான லாபம் காய் படுதா இல்லையான்னு பாக்குறதுலதான். ஸ்ட்ரைக்கர் விட்டம் 4.13 செ.மீ., காய் 3.18, அப்போ கோட்டுலேர்ந்து காயோட மையம் 3.655-க்குள்ள இருந்தா படும். கோடு 3எக்ஸ் + 4ஒய் − 25 = 0-ன்னு வெச்சுக்கோங்க, காய் (6, 6)-ல இருக்கு: 18 + 24 − 25 = 17, அத 5-ஆல (3², 4² கூட்டி வர்க்கமூலம்) வகுத்தா தூரம் 3.4, லேசா உரசும். (7, 6)-ல இருந்தா 4, தப்பிச்சுடும். 17 பாசிட்டிவா நெகட்டிவான்னு பாத்தா காய் கோட்டுக்கு எந்தப் பக்கம்னும் தெரிஞ்சுடும், கட் எந்தப் பக்கம் போகும்னு தனியா கணக்குப் போட வேண்டியதில்ல.

கடுப்பானது ஒரே எடத்துலதான். கோட்டுக்கு முடிவே இல்லையா, ஸ்ட்ரைக்கருக்குப் பின்னாடி இருந்த ரெட் தானா ஓடிப்போயி பாக்கெட்ல விழுந்துச்சு, ரெட்டுக்கு ஃபாலோ (கூடவே இன்னொரு காய் போடுறது) வேணாமான்னு கேட்டு தம்பி சிரிக்கிறான். காய் முன்னாடி இருக்கா பின்னாடி இருக்கான்னு தனியா ஒரு செக் போட்டப்புறம்தான் அடங்குச்சு.

வெட்டுத்துண்டு வடிவம் (எக்ஸ்/ஏ + ஒய்/பி = 1) ஏன் எடுக்கலன்னு கேப்பீங்க. ஆதிப்புள்ளி வழியா போற கோட்ட அதுல எழுதவே முடியாது, நான் ஆதிப்புள்ளிய போர்டு நடுவுலதானே வெச்சிருக்கேன்.