புதுச் சொல்லைப் பிரித்துக் காட்டுவதா, பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைப்பதா?

மாலை நேரத்தில் வீட்டுத் திண்ணையில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லோரும் தமிழ் வழியில் படிப்பவர்கள். கதைப் பாடம் என்றால் கடகடவென்று வாசிப்பார்கள். அறிவியல் பாடத்தில் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடுவார்கள், புதுச் சொற்கள்தான் காரணம். மூன்று வழிகளில் முயன்று பார்த்துவிட்டு, இப்போது சொல்லைப் பிரித்துக் காட்டுகிறேன்.

சொல்-பொருள் பட்டியல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பத்துச் சொல் கொடுத்தால் மறுநாள் ஒப்பித்துவிடுவார்கள், பரீட்சைக்கு அது போதும். முன்பின் வரிகளை வைத்து ஊகிக்கச் சொல்வது இன்னொரு வழி. கதைக்கு அது அருமையாக உதவுகிறது. ஆனால் 'வானிலை நிலையத்தில் மழைமானி இருக்கும்' என்ற வரியை வைத்து எதை ஊகிப்பது? அங்கே வேலை பார்ப்பவர் என்றான் ஒரு பையன். அவன் மேல் தப்பில்லை, அந்த வரியில் வேறு பிடிமானமே இல்லை.

அந்த மழைமானியில்தான் தொடங்கினேன். 'மானி என்றால் அளக்கிற கருவி' என்று மட்டும் சொன்னேன். மழைமானியையும் வெப்பமானியையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு பக்கத்தில் 'வேகமானி' வந்தது. "எங்க அப்பா வண்டியில முள்ளு ஆடுமே, அதுவாக்கா?" என்றான் அதே பையன்.

என்னை இந்தப் பக்கம் இழுத்தது, படித்தது எவ்வளவு நாள் தங்குகிறது என்பதுதான். பட்டியலில் படித்த சொல்லை நாம்தான் திரும்பத் திரும்பக் கேட்டு உயிரோடு வைத்திருக்க வேண்டும். கோடை விடுமுறை முடிந்து ஜூனில் வந்தால் பாதிச் சொற்கள் காணாமல் போயிருக்கும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பிரித்துப் படித்த சொல்லுக்கு அந்தப் பாடு குறைவு. விலங்கியலில் பார்த்த 'இயல்' வானியலில் திரும்ப வருகிறது, புவியியலில் இன்னொரு முறை வருகிறது. தொலைநோக்கி தெரிந்த பிள்ளைக்கு நுண்ணோக்கியில் பாதி ஏற்கெனவே தெரியும். புதுச் சொல்லைப் படிக்கும்போதே பழைய சொல்லுக்கும் பயிற்சி நடந்துவிடுகிறது, தனியாகத் திருப்புதல் வைக்க வேண்டியதில்லை.

சிரமமும் உண்டு. தமிழில் சொற்கள் சேரும்போது உருவம் மாறிவிடும். தாவரம், இயல் இரண்டும் சேர்ந்து தாவரவியல் ஆகிறது. "ம் எங்கக்கா போச்சு? வ எங்கேருந்து வந்துச்சு?" என்று ஒரு சிறுமி கேட்டாள். புணர்ச்சி விதியின் பெயரை நான் சொல்லவில்லை. 'தாவர இயல்' என்று வேகமாகப் பத்து முறை சொல்லச் சொன்னேன், நாக்கே அந்த 'வ'வைக் கொண்டுவந்துவிட்டது. நன்னூல் சொல்லும் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்ற ஆறு உறுப்புகளும் பெரிய வகுப்பில் வரட்டும். ஒன்பது வயதுக்குப் பொருள் தருகிற இரண்டு துண்டு போதும்.

இன்னொரு வம்பு, அபிமானி. இதையும் அளக்கும் கருவி என்றே நினைத்தார்கள். அதனால் பிரித்துப் பார்த்த பொருளை வரிக்குள் திரும்ப வைத்துப் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். ஊகிக்கும் வழியை நான் கைவிடாததற்கு இதுதான் காரணம். அப்புறம், ஞாலம், ஆழி போன்ற செய்யுள் சொற்களுக்கு இன்றும் பட்டியல்தான், அவற்றை எப்படிப் பிரிப்பது?

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதை நான் செய்து பார்த்ததில்லை. எழுத்துக்கூட்டி வாசிக்கிற வயதில் இது கூடுதல் சுமையாகலாம் என்று தோன்றுகிறது. ஆங்கிலச் சொற்களையும் கொஞ்சம்தான் முயன்றிருக்கிறேன், அதை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது.

இப்போது ஒவ்வொரு துண்டுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். 'மானி' பக்கத்தில் ஐந்து சொற்கள் சேர்ந்திருக்கின்றன. அதில் இரண்டு, நான் சொல்லாமல் அவர்களே எங்கிருந்தோ பிடித்து வந்தவை.