32 குதிரைத்திறன் என்று விற்கப்பட்ட ஆர்.டி.350

நெல்லைச் சீமையில் பழைய ரேஸ் வண்டி தேடுகிறவர்கள், டைனோ தாள் (பின்சக்கரத்தை உருளை மேல் ஓடவிட்டு வண்டியின் திறனை அளக்கும் இயந்திரம் அச்சடித்துத் தரும் தாள்) ஒன்றைக் காட்டி விலை பேசும் ஒரு பட்டறைக்காரரைச் சந்திக்க நேர்ந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். பட்டறையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தாளை எப்படிப் படிப்பது என்று தெரிந்தால் பெயர் தேவைப்படாது.

வண்டி, ஜப்பானின் யமஹா ஆர்.டி.350இன் இந்திய வடிவமாக 1980களில் வந்த ராஜ்தூத் 350. அதில் ஹை டார்க் (முறுக்குவிசை கூடியது), லோ டார்க் (குறைந்தது) என்று இரண்டு ரகம், இது ஹை டார்க். அது சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓடியது என்றும், சிலிண்டர் போர்ட்டுகளை (எரிகலவை உள்ளே வந்து புகை வெளியேறும் துளைகளை) ரேஸுக்காக அப்போதே தேய்த்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள் என்றும் சொல்லி, சாதாரண ஹை டார்க் விலைக்கு மேல் அறுபதாயிரம் ரூபாய் கேட்டார். சான்றாக நீட்டிய தாளில் நிமிடத்துக்கு 6750 சுற்றில் 32 குதிரைத்திறன் என்று அச்சாகியிருந்தது. உடன் வந்த என் மைத்துனரிடமும் ஹை டார்க் வண்டி இருக்கிறது. அதைக் கோயம்புத்தூரில் அளந்தபோது 26தான் வந்திருந்தது. "உங்க மச்சான் வண்டிய விட ஆறு குதிரை கூட, அண்ணாச்சி. மிஷினு அடிச்ச தாளு பொய் சொல்லுமா?" என்றார்.

ஓட்டிக் காட்டியதும் அவர் தேர்ந்தெடுத்த சாலையில்தான். ஆடி மாதத்தில், முப்பந்தலைத் தாண்டிக் காவல்கிணறு நோக்கி, கணவாய்க் காற்று முதுகில் அறையும் திசையில் ஓட்டினார். 120 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டிக்குப் பின்னாலிருந்து 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், எதிர்க்கும் காற்றின் இழுவை, காற்றில்லாத நாளில் இருப்பதில் பாதியைவிடச் சற்றுதான் அதிகமாக இருக்கும். காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்ததை நானும் பார்த்தேன். பார்த்தும் அதை வண்டியின் வலுவென்று எண்ணிக்கொண்டது என் மடமை.

பணம் கொடுத்து மூன்று வாரம் கழித்து, நாங்குநேரிச் சாலையில் மைத்துனரின் வண்டி என் வண்டியோடு சக்கரத்துக்குச் சக்கரம் சமமாக வந்தபோதுதான் சந்தேகம் எழுந்தது. அன்றிரவு தாளை விரித்து வைத்துக் கணக்குப் போட்டேன். முறுக்குவிசையைக் கிலோகிராம் மீட்டரில் எடுத்து, அதே இடத்துச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கி, 716ஆல் வகுத்தால் மெட்ரிக் குதிரைத்திறன் கிடைக்கும். தாளில் இருந்த உச்ச முறுக்குவிசை 2.8, அது 6500 சுற்றில். அந்த உச்சம் 6750 வரை குறையாமல் நின்றதாகவே வைத்துக்கொண்டாலும் 26.4க்கு மேல் வராது. ஒரே தாளில் ஒரே எஞ்சினுக்கு முறுக்குவிசை ஒரு கதையும் குதிரைத்திறன் வேறொரு கதையும் சொல்லிக்கொண்டிருந்தன.

அளந்து கொடுத்தவரைத் தொலைபேசியில் பிடித்தபோது விவரம் வெளியே வந்தது. பின்சக்கரத்தில் உருளை காட்டிய அளவு 26தான். தாளின் மூலையில் பொடி எழுத்தில் 1.07 என்றொரு எண் இருந்தது. வெப்பத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் செய்யும் திருத்தம் அது. திருத்தம் செய்வது குற்றமல்ல, நம் ஊர் வெயிலில் அது தேவையும்கூட. ஆனால் சுமார் 15.5 பாகை செல்சியஸை அடிப்படையாகக் கொண்ட பழைய முறை, 25 பாகையை அடிப்படையாகக் கொண்ட எஸ்.ஏ.இ. (வாகனப் பொறியாளர் சங்கம்) முறையைவிட ஏறக்குறைய நான்கு விழுக்காடு கூடுதலாகக் காட்டும். மைத்துனரின் தாள் எஸ்.ஏ.இ. முறையில் அளந்தது, என்னுடையது அந்தப் பழைய முறையில். இதற்கு மேல், செயினிலும் கியர்பாக்ஸிலும் போகும் இழப்பை ஈடுகட்டி எஞ்சினிலேயே அளந்தது போலக் காட்டுவதற்காக, விற்றவர் கேட்டுக்கொண்டபடி இன்னொரு 15 விழுக்காட்டையும் சேர்த்திருக்கிறார்கள். 26 அப்படித்தான் 27.8 ஆகி, பிறகு 32 ஆனது. முறுக்குவிசையையும் அதே அளவுக்கு ஏற்றிவிட வேண்டும் என்பது மட்டும் அவர்களுக்கு மறந்துவிட்டது.

நிறுவனம் ஹை டார்க் வண்டிக்குச் சொன்ன 30.5, லோ டார்க் வண்டிக்குச் சொன்ன 27, ஜப்பான் ஆர்.டி.350க்குச் சொல்லப்படும் 39 ஆகிய மூன்றுமே எஞ்சின் அளவுகள். சக்கரத்தில் அவை வராது. ஆகவே சக்கரத்தில் 26 காட்டிய மைத்துனரின் வண்டி நலமாகவே இருக்கிறது. என் வண்டியும் அதே நலத்தோடுதான் இருக்கிறது. ரேஸ் வேலை நடந்ததற்கான தடயம்தான் அளவில் இல்லை.

இரண்டு வண்டிகளையும் கோயம்புத்தூருக்கு ஏற்றிச் சென்று, ஒரே நாளில், ஒரே உருளையில், ஒரே திருத்த முறையில் மும்மூன்று முறை அளந்தோம். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் சைலன்சர் சூடேறச் சூடேற உச்சம் நகரும் என்பதால் முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. என் வண்டி 26.3, மைத்துனரின் வண்டி 26.1.

அந்தத் தாளுடன் பட்டறைக்குப் போனபோது, எந்த இடத்தில் அளந்த குதிரைத்திறன் என்று தான் சொல்லவே இல்லை என்றார். அது உண்மைதான், நானும் கேட்கவில்லை. சிலிண்டரைக் கழற்றிப் போர்ட்டுகளைக் காட்டும்படி கேட்டதற்கு, கேஸ்கெட் வீணாகிவிடும் என்று மறுத்தார். இரண்டு மாதம் அலைந்த பிறகு அறுபதில் இருபதாயிரம் திரும்பி வந்தது. சென்ற வாரம் அந்த வழியாகப் போனபோது, 6750 சுற்றில் 32 குதிரைத்திறன் என்ற அதே தாளின் நகல், வேறொரு ஆர்.டி. வண்டியின் பெட்ரோல் டேங்க் மேல் ஒட்டப்பட்டிருந்தது.