பழைய திங்க்பேட் டி480: ஹட்டனில் வாங்கினோம், நீங்களும் வாங்கலாமா?

85,000 இலங்கை ரூபாய்க்குள் லெப்டொப் தேடுகிறீர்கள் என்றால், கண்ணாடி அலமாரியில் பளபளவென்று இருக்கிற புதுசை விட்டுவிட்டு, பின்னால் ரெக்கில் கறுப்பாக அடுக்கி வைத்திருக்கும் பழைய லெனோவோ திங்க்பேட் டி480ஐ எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். 2018இல் வந்த மொடல். வெளிநாட்டுக் கம்பெனிகள் பாவித்துக் கழித்தது, துடைத்துச் சரிபார்த்து இங்கே விற்பனைக்கு வருகிறது. தங்கச்சி உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் எடுத்திருக்கிறாள், அவளுக்கு பைதன் என்ற புரோகிராம் மொழி பழக ஒன்று வேண்டும், ராத்திரியில் எனக்குக் கணக்கு வேலைக்கும் ஆகும் என்று அம்மாவின் சீட்டுக் காசில் ஹட்டனில் ஒரு கடையில் வாங்கினோம். மெஷின் மேல் எனக்குப் பெரிய குறை இல்லை. கடை மேல் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பழைய லெப்டொப்புகள் இப்போது எல்லாக் கடையிலும் குவிந்து கிடக்க ஒரு காரணம் விண்டோஸ். விண்டோஸ் 10க்கான வழக்கமான அப்டேட்டை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது (தனியாகப் பதிந்துகொண்டால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும்). விண்டோஸ் 11 முறைப்படி ஓட வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை சிப்பாவது இருக்க வேண்டும். டி480 அந்தக் கோட்டைக் காலை நீட்டித் தொட்டுவிடுகிறது. அதற்கு முந்திய டி470 தொடுவதில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி போல ஒரே முகம், கடைக்காரர்கள் டி470இலும் சுற்றுவழியில் விண்டோஸ் 11 ஏற்றி வைத்திருக்கிறார்கள், திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அதனால் ஸ்டிக்கரை நம்பாமல் செட்டிங்ஸுக்குள் போய் சிப் எண்ணைப் பாருங்கள். ஐ5-8250யூ அல்லது 8350யூ என்றிருந்தால் சரி. 7300யூ என்றிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், அதில் கோர் (சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதி) இரண்டுதான், இதில் நான்கு. பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்து வைத்துக்கொண்டு சூம் வகுப்பில் இருக்கும்போது அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

எனக்குக் காசு கொடுக்க மனசு வந்தது பெட்டரிக்காகத்தான். உள்ளே 24 வாட்-அவர் பெட்டரி ஒன்று, பின்பக்கம் கழற்றி மாட்டுகிற பெட்டரி இன்னொன்று. பின்னால் இருப்பது முடிந்துவிட்டால் லெப்டொப்பை அணைக்காமலே கழற்றி வேறொன்றைப் போடலாம், அந்த நேரத்துக்கு உள்ளே இருப்பது தாங்கும். அடுத்து வந்த டி490இல் லெனோவோ இந்த வசதியை எடுத்துவிட்டது, ஏன்தான் எடுத்தார்களோ. எங்கள் பக்கம் காற்று பலமாக அடித்தாலே ஏதாவது ஒரு மரக்கிளை வயரில் விழுந்து கரண்ட் போகும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க இருண்டபோது, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார், கொழும்பில் இருப்பவர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்; நமக்குக் குரங்கெல்லாம் தேவையில்லை, ஆடி மாதக் காற்றே போதும். பின் பெட்டரி 24, 48, 72 வாட்-அவர் என்று மூன்று அளவில் இருக்கிறது, எண் கூடினால் அதிக நேரம் தாங்கும். கடையில் வருவது பெரும்பாலும் சிறியதுதான், அதுவும் பாதி தேய்ந்தது. காசு கொடுக்கும் முன் லெனோவோ வான்டேஜ் என்ற செயலியைப் போட்டுப் பாருங்கள், புதிதாக இருந்தபோது எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது, எத்தனை தரம் சார்ஜ் ஏறியிருக்கிறது எல்லாம் அதில் தெரியும்.

கீபோர்டைப் பற்றி ஒரே வார்த்தை: அருமை. தண்ணீர் கொட்டினால் ஓரளவு வடிந்து போகிற மாதிரி செய்திருக்கிறார்கள், பிளேன்டீக்கும் அது பொருந்துமா என்று சோதிக்க எனக்குத் தைரியம் இல்லை. ஜேர்மனியில் இருந்து வந்த மெஷின் என்றால் ஒய்யும் இசட்டும் இடம் மாறி இருக்கும், அதை மட்டும் கவனியுங்கள்.

ரேம் விஷயத்துக்கு வருவோம். இதில் ரேம் போடும் இடம் இரண்டு, இரண்டையும் நாமே மாற்றலாம். இதே விலைக்கு வரும் புது லெப்டொப்புகளில் 4 ஜிபி ரேமைப் போர்டோடு ஒட்டியே வைத்து, செலரன் என்4500 போல இரண்டு கோர் சிப்பைப் போட்டுத் தருகிறார்கள், வாங்கிய நாளிலேயே மூச்சு வாங்கும். ஆனாலும் எங்கள் ஆட்கள் அதைத்தான் வாங்குகிறார்கள், காரணம் புதுசுக்குத் தவணை உண்டு, பழசுக்கு முழுக்காசையும் கையில் வைக்க வேண்டும். அது வேறு கதை. எங்களுடையது 8 ஜிபியோடு வந்தது. இன்னொரு 8 ஜிபி போடலாம் என்று கேட்டால், கொஞ்ச மாதத்துக்கு முன் இருந்த விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சொன்னார்கள். இதில் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. உலகத்தில் ஓடுகிற ரேம் சிப்பில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் என்ற மூன்று கம்பெனிகள். ஏஐ டேட்டா சென்டர்கள் கேட்கிற விலை கூடிய எச்பிஎம் என்ற அதிவேக மெமரிப் பக்கம் அவர்கள் திரும்பிவிட்டதால் சாதாரண ரேமுக்குத் தட்டுப்பாடு. குரூஷியல் என்ற பெயரில் நம் போன்றவர்களுக்கு ரேமும் எஸ்எஸ்டியும் (ஃபைல்களைச் சேமிக்கும் டிரைவ்) விற்று வந்த வியாபாரத்தையே விட்டு விலகுவதாக மைக்ரோன் 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. எங்கோ யாரோ சாட்பொட்டிடம் கவிதை கேட்கிறார்கள், ஹட்டனில் உயர்தரம் படிக்கிற பிள்ளை ரேமுக்கு இரட்டிப்புக் காசு கொடுக்கிறது. ஆகவே பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று 8 ஜிபியில் எடுக்காதீர்கள், கடையில் 16 ஜிபியோடு ஒன்று இருந்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அதையே எடுங்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. திரை மங்கல், வெயிலில் வாசலில் உட்கார்ந்து பார்க்க முடியாது. 1366க்கு 768 திரையோடும் சில வருகின்றன, பக்கவாட்டில் பார்த்தால் நிறமே மாறும், அதைத் தொடவே வேண்டாம். யூடியூப்பில் ஏவி1 என்ற சுருக்கும் முறையில் வருகிற வீடியோவை விரிக்க இந்தச் சிப்பில் தனி வசதி இல்லை, வேலை முழுக்க சிபியூ தலையில் விழுகிறது, ஃபேன் கத்துகிறது, பெட்டரி இறங்குகிறது. திருவிழா வீடியோ எடிட் பண்ணி சேனல் நடத்தும் எண்ணம் இருந்தால் இது உங்களுக்கு இல்லை. இன்னொன்று, இந்த மொடலின் தண்டர்போல்ட் போர்ட்டில் (இரண்டு டைப்-சி போர்ட்டில் வேகமானது) ஒரு பழைய வியாதி உண்டு: ஃபர்ம்வேர், அதாவது அதன் சிப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளில் உள்ள பிழையால் நாளடைவில் அந்த போர்ட் சார்ஜ் ஏற்ற மறுக்கும், எச்டிஎம்ஐ வழியாகப் படம் போகாது. லெனோவோ திருத்திய ஃபர்ம்வேர் வெளியிட்டிருக்கிறது, கெட்டுப்போகும் முன் போட்டுவிட வேண்டும். டைப்-சி போர்ட் இரண்டு, சார்ஜரை இரண்டிலும் மாட்டிப் பாருங்கள், ஒரு டிவியில் எச்டிஎம்ஐயும் செருகிப் பாருங்கள்.

இனி கடை. தம்பி, அண்ணே என்று நன்றாகத்தான் பேசினார்கள், பிளேன்டீகூடத் தந்தார்கள். ஆனால் பெட்டிக்குள் வைத்த சார்ஜர் போலி, தொட்டால் சுடுகிறது, கேட்டபோது "எல்லாம் ஒன்றுதான் தம்பி" என்றார்கள். ஒன்று இல்லை. திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்து, நல்லதை வேறிடத்தில் தனியாக வாங்க வேண்டியதாயிற்று. போட்டுக் கொடுத்த விண்டோஸும் கள்ளத்தனமாக அக்டிவேட் செய்தது. கழித்த கம்பெனி மெஷின்களில் பெரும்பாலும் விண்டோஸ் உரிமம் போர்டிலேயே இருக்கும், மைக்ரோசொஃப்ட் தளத்தில் இறக்கிச் சுத்தமாகப் போட்டால் அதுவே அக்டிவேட் ஆகும், எங்களுக்கும் ஆயிற்று. மூன்று மாத வாரண்டி என்றார்கள், பில்லைப் பார்த்தால் "லெப்டொப் 1" என்று மட்டும் எழுதியிருந்தது. மொடல், சீரியல் எண், ரேம், எஸ்எஸ்டி அளவு நான்கையும் அங்கேயே நின்று எழுத வைத்துத்தான் வந்தேன், முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் எழுதினார்கள்.