மடக்கு லென்ஸும் ஆனி மாதத்து உதிர்பூக்களும்

அக்னி நட்சத்திரம் முடிந்து ஆனி பிறந்துவிட்டால், எங்கள் பெசன்ட் நகர் தெருக்களில் பூ பார்க்க அண்ணாந்து நிற்க வேண்டியதில்லை. குனிந்தால் போதும். அதற்காகவே பாரிமுனையில் ஒரு மடக்கு லென்ஸ் வாங்கினேன். நகைக்கடையில் கல் பார்க்க வைத்திருப்பார்களே, அதுதான். விலை 350 ரூபாய்.

மூடியில் ‘30 மடங்கு’ என்று பொறித்திருக்கிறது. நம்பாதீர்கள். உண்மையான 30 மடங்கு லென்ஸில் பொருளை 8 மில்லிமீட்டர் நெருக்கத்துக்குக் கொண்டுவந்தால்தான் துலங்கும். இதிலோ இரண்டரை சென்டிமீட்டரிலேயே பளிச்சென்று தெரிகிறது. வெறுங்கண்ணால் தெளிவாகப் பார்க்க வசதியான 25 சென்டிமீட்டரை, லென்ஸில் பொருள் துலங்கும் அந்த இரண்டரை சென்டிமீட்டரால் (குவியத் தூரம்) வகுத்துப் பாருங்கள்: வெறும் 10 மடங்கு. விற்றவரிடம் கேட்டால் அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடுகிறார். பொய்யாகப் பொறித்தாலும் பூவுக்கு 10 மடங்குதான் தோது. அதற்கு மேல் போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும்.

சரக்கொன்றையின் கடைசிக் கொத்துகள் உதிரும் நேரம் இது. ஒரு பூவை எடுத்துப் பாருங்கள். மகரந்தத் தாள்கள் பத்து. ஆனால் பத்தும் ஒரே சாதியில்லை. மூன்று நீண்டு வளைந்து மேலே நிமிர்ந்திருக்கும், நான்கு நடுத்தரம், மீதி மூன்று குட்டையாக ஒடுங்கிக் கிடக்கும். நீண்ட தாளின் நுனியில் மகரந்தப்பை வெடித்த பிளவுகூடத் தெரிகிறது. செல்பேசிக் கேமராவில் இதெல்லாம் மஞ்சள் குழம்பாகத்தான் விழும். மயிற்கொன்றையில் ஐந்தாவது இதழின் வெள்ளைத் திட்டும் சிவப்புத் தீற்றலும் கிடைக்கும். இயல்வாகையின் இதழ் கசங்கலாக இருப்பதால் பெரிதாகச் சுவை இல்லை.

குறைகளும் உண்டு. கூடவே பொருத்திய குட்டி விளக்கு வீண். காலை வெயிலுக்கு அது எதற்கு? மடக்கும் இடத்துத் திருகு அடிக்கடி தளர்கிறது. விளிம்பில் நீலமும் சிவப்புமாக நிறம் பிரிகிறது. அது உறுத்தினால் மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்த வகையைக் கேளுங்கள், விலை கூடுதல்தான்.

லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, பூவைத்தான் அருகே நகர்த்த வேண்டும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றத் தேவையில்லை. தெருப் பெருக்குகிறவர்கள் வருவதற்குள் போய்விடுங்கள். நாகலிங்கப் பூ கிடைத்தால் மட்டும் நன்றாக உதறிவிட்டுக் கண்ணருகே கொண்டுபோங்கள். அந்தக் குடைக்குள் எறும்பு இருந்தால், 10 மடங்கு எறும்பு நேராக இமைக்கு வந்துவிடும்.