பிக்கப் இல்லை என்று போனால் "டர்போ போச்சு" என்பார்கள், உடனே தலையாட்டாதீர்கள்

வாரண்டி முடிந்த சொகுசு டீசல் எஸ்யூவி வைத்திருப்பவர்கள், முக்கியமாக செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள், இதைக் கடைசி வரை படித்துவிடுங்கள். திருப்பூரில் பனியன் வியாபாரம் செய்யும் என் அப்பாவிடம் ரூ.2.64 லட்சம் வாங்கிக்கொண்டு, மாற்றவே மாற்றாத டர்போவுக்கு (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) பில் போட்டிருக்கிறது கோவையில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப். நுகர்வோர் ஆணையத்தில் புகார் போயிருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை.

வண்டி மூன்று லிட்டர் வி6 டீசல். முதலில் மேட்டில் மட்டும்தான் இழுவை குறைந்தது. பர்லியாறு தாண்டிக் குன்னூர் ஏறும்போது இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிய ஆரம்பித்தது. அதன்பிறகு ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஆர்பிஎம் முள் 3000 பக்கமே நின்றுவிடும். ஓரங்கட்டி, வண்டியை அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். அடுத்த ஏற்றத்தில் பழையபடி. பிறகு ஒருநாள் நீலம்பூர்–மதுக்கரை பைபாஸில் லாரியை முந்தும்போது பாதி வழியில் இழுவை நின்றுபோனது. எதிரே பஸ். அந்த பஸ் டிரைவர் மண்ணில் இறக்கிக் கொடுத்ததால்தான் அப்பாவும் அம்மாவும் வீடு வந்து சேர்ந்தார்கள். அந்த டிரைவர் யாரென்று தெரியாது, நன்றாக இருக்க வேண்டும்.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டினார்கள். பி0299 என்று ஒரு எரர் கோடு வந்தது. "சார், டர்போ போச்சு. ஸ்கேனரே சொல்லுது பாருங்க" என்று சர்வீஸ் அட்வைசர் திரையை அப்பா பக்கம் திருப்பிக் காட்டினார். மோசடியின் அடித்தளமே இந்த ஒரு வாக்கியம்தான். அந்தக் கோடு சொல்வது, இன்ஜின் கேட்ட அளவு காற்றழுத்தம் வந்து சேரவில்லை என்பதை மட்டுமே. தெர்மாமீட்டர் 102 காட்டினால் காய்ச்சல் என்று தெரியும், எதனால் காய்ச்சல் என்று தெரியாதில்லையா? இதுவும் அப்படித்தான். டர்போ கெட்டிருக்கலாம். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் அதன் ஆக்சுவேட்டர் சிக்கியிருக்கலாம். சென்சாரில் கோளாறு இருக்கலாம். அல்லது டர்போ அனுப்பிய காற்று வழியிலேயே எங்கோ கசிந்து போகலாம். இதில் எது என்று பார்த்துச் சொல்லத்தான் மெக்கானிக்குக் காசு கொடுக்கிறோம்.

எஸ்டிமேட்டில் கையெழுத்து வாங்கினார்கள், சில நாள் கழித்து வண்டியைக் கொடுத்தார்கள். டெலிவரியின்போது அட்வைசரே ஓட்டி, பக்கத்துத் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றி, "சூப்பரா இழுக்குது சார்" என்றார். எரர் கோடை அழித்துவிட்டு, சமதரையில் மெதுவாக ஓட்டினால் எந்த வண்டியும் அப்படித்தான் இழுக்கும். பாரம் விழுந்து, அழுத்தம் ஏற வேண்டிய இடத்தில்தான் குட்டு வெளிப்படும். எங்களுக்கு அது அவினாசி ரோடு மேம்பாலத்திலேயே வெளிப்பட்டது. திரும்பக் கொண்டுபோனால், "டர்போ புதுசு சார், இப்ப கியர்பாக்ஸ்தான் பிரச்சினை" என்று இன்னொரு ரூ.3.4 லட்சத்துக்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். பழைய டர்போவைக் கேட்டதற்கு, எக்ஸ்சேஞ்சில் கம்பெனிக்குப் போய்விட்டது என்றார்கள்.

அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு, தெரிந்தவர் சொல்லி, போத்தனூர் பக்கம் தனியாக ஷெட் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனோம். நானும் கூடவே இருந்தேன். அவர் எடுத்தவுடன் ஸ்பேனரைத் தொடவில்லை. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, அழுத்த சென்சார் என்ன காட்டுகிறது என்று பார்த்தார். இன்ஜின் ஓடாதபோது அது வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். கோவை உயரத்துக்கு 965 மில்லிபார் வாக்கில் இருக்கும், அப்படியே காட்டியது. சென்சார் சரி என்று ஒன்றைக் கழித்தாயிற்று. பிறகு லேப்டாப்பை என் மடியில் கொடுத்து, ஏற்றமான ரோட்டில் முழு ஆக்சிலேட்டரில் ஓட்டினார். இன்ஜின் கேட்டது 2250 மில்லிபார், வந்தது 1600. லேப்டாப் திரையில் இரண்டுக்குமான வரைகோடுகள் ஒன்றாகக் கிளம்பி, மிதிக்க மிதிக்கப் பிரிந்து போவதைக் கண்ணால் பார்த்தேன்.

ஷெட்டுக்குத் திரும்பி, காற்றுக் குழாய்களின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் கம்ப்ரஸர் காற்றை அளவாக விட்டார். உஸ்ஸென்று சத்தம் கீழேயிருந்து வந்தது. "அம்மிணி, இங்க வந்து கையை வெச்சுப் பாருங்க" என்றார். டர்போ அழுத்திய சூடான காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம், க்ளாம்ப்பை ஒட்டி, விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கில் கரி அப்பியிருந்தது. காற்றை நிறுத்தினால் கிழிசல் மூடிக்கொள்ளும், மேலிருந்து டார்ச் அடித்தால் தெரியவே தெரியாது. அழுத்தம் ஏறினால் மட்டும் வாய் திறக்கும். மேட்டில் மட்டும் வண்டி திணறியதற்குக் காரணம் இதுதான். ஹோஸ், க்ளாம்ப், லேபர் எல்லாம் சேர்த்து ரூ.11,500. இன்ஜின் கணக்கில் எடுத்துக்கொண்ட காற்று வழியில் கசிந்து போனதால் டீசல் சரியாக எரியாமல், புகையில் வரும் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டரிலும் கரி சேர்ந்திருந்தது. அதையும் ஸ்கேனர் வழியாக எரித்துச் சுத்தம் செய்து கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் அவர் டர்போவைக் காட்டினார். இந்த இன்ஜினில் டர்போ இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவே, பின்பக்கம் உள்ளே இருப்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. சிறிய கேமராவை உள்ளே விட்டார். சைலன்ஸர் பக்கத்து நட்டுகள் துருப்பிடித்துப் படைபடையாக இருந்தன, ஸ்பேனர் பட்ட தடம் ஒன்றில்கூட இல்லை. புது டர்போ போட்டால் கேஸ்கெட் புதுசாக இருக்கும், ஆயில் பைப்பின் செம்பு வாஷர் பளபளவென்று இருக்கும். இங்கே எல்லாம் வண்டியின் வயசிலேயே இருந்தன. டர்போவின் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்தோம். அதில் இருந்த சீரியல் நம்பர் பில்லில் இருந்த நம்பர் இல்லை.

உங்களிடம் யாராவது டர்போ மாற்ற வேண்டும் என்றால், கேட்ட அழுத்தம் எவ்வளவு, வந்த அழுத்தம் எவ்வளவு, ஹோஸ்களில் காற்று விட்டுப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். டர்போவின் ஷாஃப்டை ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருப்பது சகஜம், முன்னும் பின்னும் ஆடினாலோ பிளேடு உரசியிருந்தாலோதான் கவலை. கழற்றிய சாமானைத் திருப்பித் தர வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுத வையுங்கள். அது ஒன்று இருந்திருந்தால் இவர்களால் இந்த வேலையைச் செய்திருக்கவே முடியாது. டெலிவரியின்போது வண்டியை நீங்களே மேட்டில் ஓட்டிப் பாருங்கள்.

ஏமாந்திருந்தால் சும்மா விடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை.

நாங்கள் படங்களையும் மெக்கானிக் எழுதிக் கொடுத்த அறிக்கையையும் வைத்துப் புகார் கொடுத்த பிறகு, ஒர்க்‌ஷாப்பிலிருந்து வீட்டுக்கே ஆள் வந்தார்கள். ஒரு லட்சம் தருகிறோம், வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்பா வாங்கவில்லை. முழுத் தொகையும், டர்போவை மாற்றவில்லை என்று லெட்டர்ஹெட்டில் ஒரு வரியும் கேட்டிருக்கிறார்.